இலங்கையின் விமானப் போக்குவரத்தும் மலையக மக்களும்: ஒரு வரலாற்று நோக்கு

இலங்கையின் சிவில் விமானப் போக்குவரத்து வரலாறு இதுகாறும் எழுதப்பட்டுள்ள விதத்தை நோக்குமிடத்து, அது பெரும்பாலும் பொறிகளின் வரலாறாகவே அமைந்திருப்பதைக் காணலாம். எந்த ஆண்டில் எவ்வகை விமானம் வாங்கப்பட்டது, அதற்கு எத்தனை இயந்திரங்கள், எத்தனை ஆசனங்கள், எந்த நகரங்களுக்கு அது பறந்தது என்பனவே அதன் உள்ளடக்கம். அவ்விமானங்களில் ஏறியவர்கள் யார், ஏற முடியாதிருந்தவர்கள் யார் என்னும் வினா அங்கு எழுப்பப்படுவதில்லை. இக்கட்டுரை அவ்வினாவைக் கொத்மலையிலிருந்து எழுப்ப முனைகின்றது. விமான நிலையம் எதுவுமற்ற ஒரு மலைப் பள்ளத்தாக்கை ஏன் தெரிந்தெடுக்க வேண்டும் என வாசகர் கேட்கலாம். பூண்டுலோயா, இறம்பொடை முதலிய இப்பிரதேசத் தோட்டங்களில் வாழும் மக்களின் முன்னோர் திருச்சிராப்பள்ளி, சேலம், புதுக்கோட்டை, மதுரை ஆகிய பகுதிகளிலிருந்து வந்தவர்கள். கொத்மலைக்கும் திருச்சிராப்பள்ளிக்கும் இடைப்பட்ட தூரம் நேர்கோட்டில் 500 கிலோமீற்றருக்கும் குறைவானது. இத்தூரத்தை யார் எவ்வூர்தியில் கடந்தனர் என்பதில் ஒரு சமூகத்தின் வரலாறே அடங்கியுள்ளது.

இரத்மலானையில் முதல் விமானம் 1935 நவம்பர் 27 அன்று தரையிறங்கியது. சென்னைப் பறத்தற் கழகத்தின் சிறு விமானம் அது. ஆகவே, இந்நாட்டின் விமான நிலைய வரலாறே தமிழகத்திலிருந்து வந்த ஒரு பயணத்துடன்தான் தொடங்குகின்றது. அப்பத்தாண்டின் பிற்பகுதியில் டாட்டா நிறுவனத்தின் விமானத் தபாற் சேவை சென்னையிலிருந்து கொழும்புவரை நீட்டப்பட்டது. இலண்டனில் தலைமையகம் கொண்ட தேயிலைக் கம்பனிகளுக்கு விரைவான தபால் எத்துணை முக்கியமானது என்பதை விளக்க வேண்டியதில்லை. ஆட்களுக்கு முன்னர் கடிதங்களே பறந்தன.

இரண்டாம் உலகப் போரின்போது பலாலியில் பிரித்தானிய விமானப்படை ஓடுபாதை அமைத்தது. போர் முடிந்ததும் உலகெங்கும் மலிவாகக் கிடைத்த டி.சி.-3 ரக விமானங்களே புதிதாகச் சுதந்திரம் பெற்ற, பெறவிருந்த நாடுகள் பலவற்றின் விமான சேவைகளுக்கு அடித்தளமாயின. எயார் சிலோனும் அவ்வாறே தோன்றியது. அதன் முதற் பயணிகள் சேவை 1947 டிசம்பர் 10 அன்று இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை என அப்போது வழங்கப்பட்ட பலாலியூடாகச் சென்னைக்குப் பறந்தது. அதன் மூன்று விமானங்களுக்கும் சீதா தேவி, விகாரமகா தேவி, சுனேத்திரா தேவி எனப் பெயரிடப்பட்டிருந்தது. இரண்டு சுழலி இயந்திரங்கள், ஏறத்தாழ முப்பது ஆசனங்கள், மணிக்கு ஏறத்தாழ முந்நூறு கிலோமீற்றர் வேகம்: இவையே டி.சி.-3இன் இயல்புகள். அறையினுள் காற்றழுத்தம் பேணப்படாமையால் அது தாழப் பறக்கவேண்டியிருந்தது. மேகத்துக்கு மேலே செல்ல இயலாது, மேகத்தினூடாகவே குலுங்கிச் சென்றது.

இப்பயணம் நிகழ்ந்து ஓராண்டு நிறைவுறுமுன் 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. மலையகத் தமிழருள் மிகப் பெரும்பாலானோர் அதனால் நாடற்றவராயினர். விமானப் போக்குவரத்து வரலாற்றாசிரியர்கள் இவ்விரு நிகழ்ச்சிகளையும் ஒரே பக்கத்தில் எழுதியதில்லை. ஆயினும் அவை ஒன்றோடொன்று தொடர்புடையவை. அனைத்துலக விமானப் பயணம் கடவுச்சீட்டின் மீது கட்டப்பட்ட ஒரு முறைமை. கடவுச்சீட்டோ பிரசாவுரிமையின் மீது கட்டப்பட்டது. தேசிய விமான சேவை தோன்றிய அதே வேளையில், நாட்டின் அந்நியச் செலாவணியில் மிகப்பெரும் பகுதியை ஈட்டித்தந்த உழைப்பாளர் கூட்டம் அச்சேவையின் பயணியாகும் சட்டத் தகுதியை இழந்தது. கூலியின் போதாமை இதற்கு மேலதிகமான தடை. பணமிருந்திருப்பினும் கதவு திறந்திருக்காது என்பதே இங்கு கவனிக்கத்தக்கது.

1949இல் அவுஸ்திரேலிய நிறுவனமொன்றின் கூட்டுடன் நான்கு இயந்திர டி.சி.-4 விமானங்கள் இலண்டனுக்கும் சிட்னிக்கும் பறக்கத் தொடங்கின. அவற்றுள் ஒன்றுக்கு இரத்மலானை என்றும் மற்றொன்றுக்கு லக்ஷபான என்றும் பெயர். லக்ஷபான மஸ்கெலியாவுக்கு அண்மையிலுள்ள நீர்வீழ்ச்சி. மலைநாட்டின் பெயர் இலண்டன்வரை பறந்தது. அதன் மக்கள் பறக்கவில்லை. அப்பெயர் தாங்கிய மலைப்பகுதிக்கு இக்கட்டுரையில் மீண்டும் வரவேண்டியிருக்கும். பின்னர் டச்சு நிறுவனத்தின் கூட்டுடன் கொன்ஸ்டலேஷன் ரக விமானங்களும், 1960களின் தொடக்கத்தில் பிரித்தானிய நிறுவனத்தின் கூட்டுடன் கொமெட் ஜெட் விமானங்களும் வந்தன. நெடுந்தூர மார்க்கங்களில் ஜெட் யுகம் இவ்வாறு புலர்ந்தது.

குறுந்தூர மார்க்கங்களைப் பொறுத்தவரை முக்கியமான ஆண்டு 1964. அவ்வாண்டில் அவ்ரோ என மக்கள் அழைத்த எச்.எஸ். 748 ரக விமானம் எயார் சிலோனுக்குக் கிடைத்தது. சுழலியைச் சுழற்ற வாயுச்சுழல் இயந்திரத்தைப் பயன்படுத்தியமையால் டி.சி.-3ஐ விட வேகமாகவும் அமைதியாகவும் பறந்தது. குறுகிய ஓடுபாதையிலும் இறங்க வல்லது. கொழும்பு, யாழ்ப்பாணம், திருச்சிராப்பள்ளி, சென்னை என்னும் வலையமைப்புக்கு அது மிகப் பொருத்தமாயிற்று. யாழ்ப்பாணத்து மத்தியதர வர்க்கத்தினருக்கும் வணிகருக்கும் அரச உத்தியோகத்தருக்கும் தமிழகம் ஒரு காலைப்பொழுதின் தொலைவாயிற்று.

அதே 1964இன் ஒக்டோபர் 30 அன்றுதான் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் டில்லியில் கைச்சாத்தாயிற்று. நாடற்றோர் 975,000 பேர் எனக் கணக்கிடப்பட்டு, 525,000 பேரை இந்தியா ஏற்பதென்றும் 300,000 பேருக்கு இலங்கை பிரசாவுரிமை வழங்குவதென்றும் தீர்மானிக்கப்பட்டது. எஞ்சிய 150,000 பேரை 1974இல் இரு அரசுகளும் சமபாதியாகப் பகிர்ந்துகொண்டன. பின்வந்த ஆண்டுகளில் மூன்று இலட்சத்துக்கு மேற்பட்டோர் கடல் கடந்தனர். அவர்களுக்கு இந்தியக் கடவுச்சீட்டு வழங்கப்பட்டது. தலைமுறைகளாக இந்நாட்டில் உழைத்த ஒரு குடும்பத்தின் கையில் முதன்முதலாகக் கிடைத்த கடவுச்சீட்டு, திரும்பி வராதிருப்பதற்கான கடவுச்சீட்டாக இருந்தது.

அவர்கள் சென்ற மார்க்கம் யாது? கொத்மலைப் பகுதித் தோட்டங்களிலிருந்து நாவலப்பிட்டிக்கோ தலவாக்கலைக்கோ வந்து, புகையிரதமேறி, தலைமன்னாரை அடைந்து, இராமானுஜம் என்னும் கப்பலில் இராமேஸ்வரம் சேர்ந்து, மண்டபம் முகாமில் காத்திருப்பதே அது. 1964 டிசம்பர்ச் சூறாவளியில் தனுஷ்கோடி அழிந்தபின் இந்தியக் கரையின் இறங்குதுறை இராமேஸ்வரத்துக்கு மாறியதேயன்றி, பயணத்தின் தன்மை மாறவில்லை. வழியனுப்ப வந்தோரின் அழுகையால் அப்புகையிரதத்துக்கு ‘ஒப்பாரிக் கோச்சி’ என்ற பெயரே வழங்கலாயிற்று. அவ்ரோ ஒரு காலைப்பொழுதில் கடந்த நீரிணையை இவர்கள் பல நாட்களாகக் கடந்தனர். ஒரே கடல், ஒரே காலம், இரு வேறு வர்க்கங்கள். ‘போக்குவரத்து வளர்ச்சி’ என்று நாம் பொதுப்படக் கூறுவது யாருடைய வளர்ச்சி என்பதை இதனினும் தெளிவாகக் காட்டவல்ல உதாரணம் வேறில்லை என்றே கருதுகின்றேன்.

விமானம் மலையகத்துக்கு வந்த கதை 1974இல் வேறொரு வகையில் நிகழ்ந்தது.

அவ்வாண்டு தோட்டங்களுக்குப் பஞ்ச ஆண்டு. உணவுத் தட்டுப்பாட்டினால் பெருந்தோட்டங்களில் இறப்பு வீதம் கூர்மையாக உயர்ந்திருந்தது. அவ்வாண்டின் டிசம்பர் 4 அன்று இரவு, இந்தோனேசியாவின் சுராபாயாவிலிருந்து ஜித்தாவை நோக்கி ஹஜ் யாத்திரிகரை ஏற்றிவந்த டி.சி.-8 விமானம் நோர்ட்டன் பிரிட்ஜுக்கு அண்மையிலுள்ள ஏழு கன்னியர் மலையில் மோதிச் சிதறியது. இந்தோனேசியத் தேசிய நிறுவனத்துக்காக டச்சு நிறுவனமொன்று வாடகைக்கு இயக்கிய விமானம் அது. கட்டுநாயக்காவில் இடையில் தரித்துச் செல்வதற்காகக் கீழிறங்கிக்கொண்டிருந்தது. யாத்திரிகர் 182 பேரும் பணியாளர் 9 பேருமாக 191 பேரும் உயிரிழந்தனர். இலங்கை மண்ணில் நிகழ்ந்த விமான விபத்துக்களுள் மிகப் பெரியது இன்றுவரை இதுவே. விமானம் வீழ்ந்த சரிவுக்கு மிக அண்மையில் வாழ்ந்தோர் தேயிலைத் தொழிலாளரே. அவர்களுட் பெரும்பாலானோர் ஒரு பயணிகள் விமானத்தை நேரிற் கண்டது சிதைவுகளாகத்தான் இருந்திருக்கும். நோர்ட்டன் பிரிட்ஜில் இன்று நினைவுச்சின்னம் ஒன்றுண்டு.

விபத்தின் காரணம் நமது பொருளுக்கு நேரடியாக உரியது. கட்டுநாயக்கா இன்னும் ஏறத்தாழ எழுபது கிலோமீற்றர் மேற்கே இருக்கையில், விமான நிலையத்தை நெருங்கிவிட்டதாக விமானிகள் கருதி உயரத்தைக் குறைத்தனர். விமானத்தின் டொப்ளர் கருவியிலும் வானிலை ராடரிலும் தங்கியிருந்தமையும், அவை தவறான பொருள்கோடலுக்கு இடமளித்தமையும் காரணங்களென விசாரணை கூறிற்று. டொப்ளர் கருவி கீழ்நோக்கி அனுப்பும் ராடர் அலைகளின் எதிரொலியிலிருந்து வேகத்தையும் விலகலையும் கணிப்பது. அதிலிருந்து இடம் ஊகித்தறியப்படுகின்றது. நீண்ட சமுத்திரப் பயணத்தில் சிறு பிழைகள் சேர்ந்து பெரும் பிழையாகலாம். அக்காலத்தில் போயிங் 747 போன்ற புதிய விமானங்களில் சடத்துவ வழிகாட்டி முறை ஏற்கெனவே பொருத்தப்பட்டிருந்தது. பணம் படைத்த பயணிகளின் முன்னணி மார்க்கங்களுக்குப் புதிய பேருடல் விமானங்கள் வர, முந்திய தலைமுறை ஜெட்டுகள் சரக்குக்கும் வாடகைப் பயணங்களுக்கும் ஒதுங்கின. விபத்துக்குள்ளான விமானமும் சரக்குக்கும் பயணிகளுக்கும் மாற்றியமைக்கத்தக்க வகையைச் சேர்ந்ததே. ஆசிய நாடுகளின் எளிய மக்கள் வானேறியது இவ்வாடகைப் பயணங்கள் வாயிலாகத்தான். முன்னர் பல வாரங்கள் கப்பலில் மக்காவுக்குச் சென்றவர்களின் பிள்ளைகள் அவர்கள்.

இவ்விபத்துக்கு மூன்றே நாட்கள் முன்னர், டிசம்பர் 1 அன்று, அமெரிக்கத் தலைநகருக்கு அண்மையில் ஒரு போயிங் 727 இவ்வாறே மலையில் மோதி 92 பேர் மாண்டனர். தரை அண்மையை எச்சரிக்கும் கருவியைப் பெரிய பயணிகள் விமானங்களில் பொருத்தவேண்டுமென அமெரிக்க அதிகாரிகள் அம்மாத முடிவுக்குள் விதித்தனர். அக்கருவி பரவியபின், கட்டுப்பாட்டில் உள்ள விமானம் மலையில் மோதும் விபத்துக்கள் வெகுவாகக் குறைந்தன. அமெரிக்க மலையில் மாண்டோர் விதியை மாற்றினர் என்று வரலாறு எழுதுகின்றது. ஏழு கன்னியர் மலையில் மாண்டோர் அவ்வரலாற்றில் பெரும்பாலும் ஒரு அட்டவணை வரியாகவே உள்ளனர். 1978 நவம்பர் 15 அன்று, இம்முறை ஜித்தாவிலிருந்து திரும்பிய இந்தோனேசிய யாத்திரிகரின் மற்றொரு டி.சி.-8 கட்டுநாயக்காவுக்கு அருகே வீழ்ந்து 183 பேர் இறந்தனர்.

அதே 1978இன் செப்டெம்பர் 7 அன்று எயார் சிலோனின் அவ்ரோ விமானம் இரத்மலானையில் குண்டு வெடித்து அழிந்தது. உயிர்ச்சேதம் இல்லை. அடுத்த ஆண்டில் எயார் சிலோனும் மறைந்தது. 1979 செப்டெம்பரில் எயார் லங்கா தோன்றியது. கொத்மலை அணைக்கட்டு வேலை தொடங்கியதும் அக்காலத்தில்தான். இரண்டும் திறந்த பொருளாதாரத்தின் பிள்ளைகள். ஒன்று கிராமங்களை நீருக்குள் அமிழ்த்தியது, மற்றது மக்களை வளைகுடாவுக்கு ஏற்றிச்சென்றது. நாளடைவில் மலையகப் பெண்களும் வீட்டுப் பணிப்பெண்களாக அவ்வழியிற் சென்றனர். 1988ஆம், 2003ஆம் ஆண்டுகளின் சட்டங்கள் எஞ்சிய நாடற்றோருக்குப் பிரசாவுரிமை வழங்கியமை இதற்கு வழியை அகலமாக்கிற்று. இலங்கைக் கடவுச்சீட்டுடன் மலையகத் தொழிலாளி விமானமேறும் காலம் இறுதியில் வந்தது. ஆனால் அவர் ஏறியது சுற்றுலாவுக்காக அல்ல. தேயிலை மலையில் விற்ற உழைப்பை வேறொரு நாட்டின் சமையலறையில் விற்பதற்காகவே ஏறினார். மூன்று தலைமுறைக்கு முன் பாட்டன் கப்பலேறியதன் காரணமும் இதுவேயன்றோ?

பலாலியைப் பொறுத்தவரை, அதன் அனைத்துலகச் சேவை ஏறத்தாழ நான்கு தசாப்தங்கள் மூடிக்கிடந்தது. 2019 ஒக்டோபர் 17 அன்று அது யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டபோது சென்னையிலிருந்து வந்திறங்கியது ஏ.ரீ.ஆர். 72 ரக விமானம். நெடுந்தூர மார்க்கங்களை ஜெட் ஆட்கொண்ட பின்னரும், சில நூறு கிலோமீற்றர் தூரத்துக்குச் சுழலியே சிக்கனமானது என்பதை இது மெய்ப்பிக்கின்றது. 1947இல் சீதா தேவியின் தோழிகள் சென்ற வழியிலேயே, அவற்றின் பேத்தி போன்ற ஒரு விமானம் திரும்பி வந்தது.

மலைநாட்டிலும் ஒருவாறு விமானம் இறங்கியது. காசல்ரீ நீர்த்தேக்கத்தில், தேயிலை மலைகளின் நடுவே, உல்லாசப் பயணிகளுக்கான மிதவை விமானங்கள் அண்மைக் காலத்தில் இறங்கின. 2020இல் இராவணனின் விமானப் பயணம் பற்றிய ஆவணங்கள் வைத்திருப்போர் முன்வருமாறு அரச தரப்பிலிருந்து பத்திரிகை விளம்பரமும் வெளியாயிற்று. புட்பக விமானத்தில் ஏறியவர்கள் யாரென்பதில் இத்துணை ஆர்வம் காட்டுவோர், அவ்ரோவில் ஏறாதவர்கள் யாரென்பதையும் கேட்டிருக்கலாம்.

தாயகம் திரும்பியோர் எனப் பெயரிடப்பட்டுச் சென்றவர்களில் பலர் நீலகிரியின் அரசுத் தேயிலைத் தோட்டங்களில், கூடலூரிலும் குன்னூரிலும் கோத்தகிரியிலும் வாழ்கின்றனர். கொத்மலையில் எஞ்சிய உடன்பிறந்தார் வீட்டுத் திருமணங்களுக்கும் மரணங்களுக்கும் இன்று சிலர் விமானத்தில் வந்துபோகின்றனர். திருச்சிராப்பள்ளியிலிருந்து கட்டுநாயக்காவுக்கு ஏறத்தாழ ஒரு மணித்தியாலம். அங்கிருந்து கொத்மலைத் தோட்டத்து லயத்துக்கு வந்துசேர அதைவிடப் பன்மடங்கு நேரமாகும். கடைசி மைல்களை இன்னும் பலர் நடந்தே கடக்கின்றனர்.