மலாயா இரப்பர்த் தோட்டங்களில் வடிகாலும் மதகும்

மலாயாவில் மலேரியாக் காய்ச்சல் அடக்கப்பட்ட வரலாறு பெரும்பாலும் ஒரே பெயரைச் சுற்றி எழுதப்பட்டு வந்துள்ளது. 1901ஆம் ஆண்டு கிள்ளானுக்கு மாவட்ட மருத்துவராக வந்த மால்கம் வாட்சன் சதுப்பு நிலங்களை வடியச் செய்தார், காய்ச்சல் தணிந்தது, பின்னாளில் அவருக்குச் சர் பட்டமும் கிடைத்தது. இச்சுருக்கம் பிழையன்று. ஆயினும், வடிகால் வெட்டியதோடு வேலை முடிந்துவிட்டது என்னும் எண்ணத்தை அது படிப்போர் உள்ளத்தில் பதித்துவிடுகிறது. வெட்டிய வடிகாலில் நீர் தேங்காமல் ஓட வேண்டும். அது பாதையைக் கடந்து செல்லும் ஒவ்வோரிடத்திலும் தடையின்றி ஓட வேண்டும். தோட்டத் தமிழர்களின் உடல்நலம் இந்தக் கடப்பிடங்களையும், அவற்றை நாள்தோறும் துப்புரவாக வைத்திருந்த கைகளையும் எந்த அளவிற்குச் சார்ந்திருந்தது என்பதை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

சாலைக்கோ நடைபாதைக்கோ அடியில் நீரைக் கடத்திவிடும் குழாய் அல்லது பெட்டி வடிவக் கட்டுமானம் இங்கு மதகு எனப்படுகிறது. தமிழில் மதகு, தூம்பு, கலிங்கு ஆகிய சொற்கள் யாவும் ஏரிப் பாசனத்தோடு பிறந்தவை. நீரைத் தேக்கி, அளவறிந்து விடுவதே அவற்றின் பணி. மலையாளத்தில் சாலையடி மதகைக் கலுங்கு என்றே வழங்குவர். ஏரியின் மிகைநீர் வெளியேறும் கலிங்கு அங்குச் சாலைக்கு இடம் மாறிவிட்டது. (தமிழ்நாட்டில் பேச்சு வழக்கில் சிலர் இதனைக் 'கல்வெட்டு' என்பது ஆங்கிலச் சொல்லின் ஒலியால் நேர்ந்தது, சாசனவியலாருக்கு இதில் வேலை இல்லை.) திருச்சி, தஞ்சை, சேலம், வட ஆர்க்காடு மாவட்டங்களிலிருந்து கங்காணிகளால் அழைத்து வரப்பட்டோர் நீரைக் காத்து வைக்கும் ஊர்களிலிருந்து வந்தவர்கள். ஆண்டெல்லாம் மழை பெய்யும் இந்நாட்டில் அவர்களுக்கு இடப்பட்ட வேலையோ நீரை வெளியே தள்ளுவது.

கிள்ளானில் கண்ட வெற்றி மறுக்க இயலாதது. கிள்ளான் நகரிலும் சுவெட்டன்காம் துறைமுகத்திலும் 1901இல் காய்ச்சலால் இறந்தோர் 368 பேர். 1902இல் 59 பேர். 1905இல் 45 பேர். 1901 செப்டம்பரில் திறக்கப்பட்ட அத்துறைமுகம் நோயின் கடுமையால் மூடப்படும் நிலைக்கு வந்து, வரப்புக் கட்டி வடிகால் வெட்டியதால் மீண்டது. சமநிலமான அக்கரையோரத்தில் நோயைப் பரப்பியது அனோஃபிலிஸ் அம்புரோசஸ் என்னும் கொசு. அது காட்டு நிழலில் தேங்கிய நீரில் வளர்வது. காட்டை வெட்டி, நீரை வடித்தால் அதற்கு இருப்பிடம் இல்லாமற் போகும்.

இம்முறையை அப்படியே குன்றுநிலங்களுக்குக் கொண்டு சென்றபோதுதான் சிக்கல் எழுந்தது. குன்றுகளுக்கு இடைப்பட்ட பள்ளங்களில் காடு அழிக்கப்பட்டதும் வெயில் விழுந்தது. தெளிந்து ஓடும், வெயில் படும் சிற்றோடையே அனோஃபிலிஸ் மாக்குலாட்டஸ் கொசுவிற்கு ஏற்ற இடம். திறந்த வடிகாலை எவ்வளவு தூய்மையாக வெட்டினாலும் அது அக்கொசுவிற்கு மேலும் ஓர் ஓடையாகவே அமைந்தது. தண்ணீர் வசதி கருதி இலயங்களைப் பள்ளங்களுக்கு அருகிலேயே கட்டியிருந்தமையால், காய்ச்சல் தொழிலாளரின் வாசலுக்கே வந்து சேர்ந்தது. கரையோரத்தில் உயிர் காத்த அதே வேலை குன்றுநிலத்தில் உயிர் பறித்தது எனலாம். வாட்சன் இதனை மறைக்கவில்லை. 1911இல் வெளியிட்டு 1921இல் விரிவாக்கிய தம் நூலில் கொசுவினம் அறியாமல் வடிகால் வெட்டலாகாது என்பதை அவர் வலியுறுத்தினார். அவருடைய பெருமைக்கு இந்நேர்மையே முதற்காரணம் என்பது எம் கருத்து.

இதற்கு அவர் கையாண்ட தீர்வு நிலத்தடி வடிகால். பள்ளத்தின் அடியிலும் குன்றுகளின் அடிவாரத்திலும் குழி தோண்டி, சுட்ட மண் குழாய்களை வரிசையாகப் பதித்து, மேலே மண்ணிட்டு மூடினர். ஊற்றுநீர் குழாய்களின் இணைப்பிடைகள் வழியாக உட்புகுந்து வெயில் காணாமல் ஓடியது. பார்க்கப்போனால் இது பள்ளம் முழுவதற்கும் நீண்ட ஒரு மதகே ஆகும். இதன் பலவீனமும் மதகின் பலவீனந்தான்: வண்டல் படிந்தாலும் வேர் நுழைந்தாலும் உள்ளே நடப்பது வெளியே தெரிவதில்லை.

மதகின் நுட்பம் அதன் அளவில் மட்டுமன்று, மட்டத்தில் இருக்கிறது. குழாயின் அடிமட்டம் வடிகாலின் அடிமட்டத்தைவிடச் சற்றே உயர்ந்துவிட்டால் மேற்புறத்தில் நீர் நிற்கும். வெளிவாய் மிக உயரத்தில் அமைந்தால் விழும் நீர் மண்ணை அரித்துக் குட்டை உண்டாக்கும். சரிவு போதாவிடில் வண்டல் தங்கி, குழாய் பாதி அடைபடும். மேலே போதிய மண் இன்றி மாட்டுவண்டியும் பின்னர் லாரியும் சென்றால் குழாய் விரிசலுறும், இணைப்புகள் விலகி மண் உள்ளிறங்கும், பாதையும் அமிழும். தோட்டத்து நடைபாதைகளில் குறுக்கே மரக்கட்டைகளைக் கிடத்தி மண்ணிட்ட கடப்பிடங்கள் மழைநாட்டில் விரைவில் மக்கிச் சரிந்தன. 1910இல் ஆஸ்திரேலியாவில் வால்ட்டர் ஹியூம் கண்டறிந்த, சுழற்சி முறையில் வார்க்கப்படும் சிமெண்டுக் குழாய் பின்னர் இந்நாட்டிலும் பரவிய பிறகே மாற்று வேலை எளிதாயிற்று. அப்போதும் பழைய குழாயைத் தோண்டியெடுத்து, படுகையை இறுக்கி, கீழ்முனையிலிருந்து மேல்நோக்கிப் புதிய குழாயைப் பதித்து, இருபுறமும் சமமாக மண்ணை இடித்து நிரப்பும் வேலை மனிதக் கைகளுடையதே. கடலோரத் தோட்டங்களில் இதனோடு கதவும் சேர்ந்தது. ஓதம் ஏறும்போது மூடி, இறங்கும்போது திறந்து நன்னீரை வெளிவிடும் அக்கதவு ஒருநாள் சிக்கிக்கொண்டால் உவர்நீர் தோட்டத்திற்குள் புகும். உவர்நீர் தேங்கினால் அதில் வளரும் வேறொரு கொசுவினம் வந்து சேரும்.

இவ்வேலைகளைச் செய்தவர் யார்? 'தமிழன் காட்டை அழித்தான், கால்வாய் வெட்டினான்' என்று மேடைகளில் சொல்லப்படுவதை ஆய்வாளர் அப்படியே ஏற்பதற்கில்லை. காடு வெட்டுதலும் பெரிய வடிகால்களைத் தோண்டுதலும் பல இடங்களில் குத்தகைக்கு விடப்பட்டன. சீனர், சாவகர், பஞ்சார் மக்கள் அவ்வேலைகளில் பெரும்பங்கு கொண்டனர். தமிழருக்கு உரியதாக நிலைத்தது அதன்பின் வந்த முடிவில்லாத வேலை. தூர் எடுத்தல், கரைப்புல் செதுக்குதல், அடைப்பு நீக்குதல், பாதை செப்பனிடுதல் ஆகியவை காலைப் பெரட்டில் பிரித்துக் கொடுக்கப்பட்ட பணிகள். 1910களின் நடுப்பகுதி முதல் குன்றுநிலத் தோட்டங்களில் நிலத்தடிக் குழாயைவிட மலிவானது என்று எண்ணெய் தெளிக்கும் முறை பரவியபோது, எண்ணெய்த் தொட்டியை முதுகில் சுமந்து வாரந்தோறும் ஓடையோரம் நடந்தவர்களும் பெரும்பாலும் அவர்களே. முட்டை கொசுவாக ஏறத்தாழ ஒரு வாரமே போதுமாதலால் அச்சுற்றைத் தவறவிட இயலாது.

நிர்வாகங்கள் இதற்குப் பணம் ஒதுக்கியதில் இரக்கத்திற்கு எவ்வளவு பங்கு, கணக்கிற்கு எவ்வளவு பங்கு என்பது விவாதத்திற்குரியது. 1907இல் அமைந்த தமிழர் குடியேற்ற நிதிக்குத் தோட்டங்கள் பணம் செலுத்தி வந்தன. 1910இல் ஒப்பந்தக் கூலி முறை நிறுத்தப்பட்டது. நோயாளி வேலைக்கு வருவதில்லை. காய்ச்சல் தோட்டம் என்று பெயர் பெற்றால் ஆள் கிடைப்பதுமில்லை. வடிகாலின் செலவு இவ்விழப்போடு ஒப்பிட்டே எடை போடப்பட்டது எனக் கருத இடமுண்டு. சிறு தோட்டங்கள் பின்தங்கியதற்கும் இதுவே காரணமாகலாம்.

ஒரு வேறுபாடு இங்குக் கருதத்தக்கது. மதகு கட்டும் செலவு மூலதனக் கணக்கில் ஏறும். அதன் வரைபடமும் கோப்பில் நிற்கும். அடைப்பு எடுத்தவனின் உழைப்போ அன்றாடக் கூலியாகப் பதிவேட்டில் ஒரு கோடாக முடிந்துவிடும். சின்னப்பா அரசரத்தினம், கெர்னியல் சிங் சந்து போன்றோரின் நூல்கள் குடியேற்றத்தையும் கூலியையும் இறப்பையும் விரிவாக ஆராய்ந்துள்ளன. ஓடையோர வேலையை உள்ளிருந்து சொல்லும் குரலைத் தொழிலாளரின் வாய்மொழியிலேயே தேட வேண்டியுள்ளது.

1932இல் வடிகால், நீர்ப்பாசனத்திற்கெனத் தனித்துறை அமைந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீடமைப்புப் பகுதிகளாயின. சிலாங்கூரின் சீஃபீல்டு தோட்டம் இருந்த இடத்தில் 1970களில் சுபாங் ஜெயா எழத் தொடங்கியது. இன்று அங்கு வீட்டு வாயில்தோறும் காருக்கான வழியின் கீழ் மதகு உள்ளது. சிங்கப்பூர் 1982இல் மலேரியா அற்ற நாடாக அறிவிக்கப்பட்டது; மலேசியாவில் 2018 முதல் பல ஆண்டுகள் உள்நாட்டில் மனிதரிடமிருந்து பரவும் மலேரியா பதிவாகவில்லை. குரங்குகளிடமிருந்து தொற்றும் வகை மட்டும் நீடித்தது. வாயில் மதகின் அடியில் இப்போது தேடப்படுவது டெங்கியைப் பரப்பும் ஏடிஸ் கொசு. 1975ஆம் ஆண்டின் நோய்பரப்பும் பூச்சிகள் ஒழிப்புச் சட்டத்தின்படி அங்கு அதன் புழுக்கள் காணப்பட்டால் தண்டம் செலுத்த வேண்டியவர் அவ்விடத்திற்குப் பொறுப்பானவர்.