ரேடியோ நெல்லு

நெல்லுக்குப் பெயர் வைப்பதில் நம் ஆட்களை மிஞ்ச முடியாது. கிச்சிலிச் சம்பா, மாப்பிள்ளைச் சம்பா, பூங்கார், குள்ளக்கார், கருப்புக் கவுனி, காட்டுயானம்... நிறத்தை வைத்து, உயரத்தை வைத்து, சாப்பிடப் போகிற ஆளை வைத்து என்று விதவிதமான பெயர்கள். ஆனால் பேசுகிற பொட்டி ஒன்றை வைத்து நெல்லுக்குப் பெயர் வைத்த கதை தெரியுமா உங்களுக்கு?

தஞ்சாவூர் ஜில்லாவில் 1960-களில் நடந்தது அது. புதுசாக ஒரு குறுவை நெல் வந்திருந்தது. சர்க்கார் ரிஜிஸ்தரில் அதற்குப் பெயர் ஏ.டி.டி. 27. அதாவது, ஆடுதுறை ஆராய்ச்சி நிலையம் கொடுத்த ரகம், நம்பர் 27. இந்த ஏபிசிடியும் நம்பரும் யார் வாயில் நிற்கும்? நம் விவசாயிகள் சிம்பிளாக ஒரு பெயர் வைத்துவிட்டார்கள். 'ரேடியோ நெல்லு!' காரணம், அந்த நெல்லைப் பற்றி அவர்கள் கேள்விப்பட்டது திருச்சி வானொலியில்.

சிரித்துவிட்டுப் போகிற சமாசாரம் இல்லை இது. அந்தப் பெயருக்குள் ஒரு பெரிய சரித்திரம் மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம்.

நாட்டில் அப்போது சாப்பாட்டுக்கே தட்டுப்பாடு. 1965, 66 இரண்டு வருஷமும் மழை ஏமாற்றியது. அமெரிக்காவிலிருந்து பி.எல்.480 திட்டத்தில் கோதுமைக் கப்பல் வந்தால்தான் ரேஷன் கடையில் ஏதாவது கிடைக்கும் என்ற நிலைமை. 1967 தேர்தலில் தமிழ்நாட்டில் ஓங்கி ஒலித்த வாக்குறுதியே 'ரூபாய்க்கு மூணு படி அரிசி' என்பதுதான். ஆட்சி மாற்றத்தில் அந்த அரிசிக்கும் பங்கு இருந்தது.

இந்தப் பஞ்சக் காலத்தில் எல்லார் கண்ணும் தஞ்சாவூர் மேல். 1960-ல் மத்திய சர்க்கார், ஃபோர்டு ஃபவுண்டேஷன் உதவியோடு விதை, உரம், கடன், ஆலோசனை எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிக் கொடுக்கும் தீவிர விவசாயத் திட்டத்தை ஆரம்பித்தது. 'பேக்கேஜ் புரோகிராம்' என்றுதான் அதற்குப் பெயர். முதலில் தேர்ந்தெடுத்த ஏழு ஜில்லாக்களில் ஒன்று தஞ்சாவூர்.

இங்கே ஒரு சிக்கல். டெல்டாக்காரர்களுக்குச் சொல்லவே வேண்டாம், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். வழக்கப்படி ஜூன் 12-ல் மேட்டூர் அணை திறந்தால், தண்ணீர் வந்து, நாற்று விட்டு, நட்டு, ஐப்பசி அடைமழை பிடிப்பதற்குள் குறுவையை அறுத்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். பத்து நாள் தள்ளிப்போனால் கதிர் தண்ணீரில். ஆக, குறுவைக்கு முக்கியம் நாள் கணக்கு. ஏ.டி.டி. 27-க்கு 105 நாள் போதும். நம்ம ஊர் ரகமான ஜி.இ.பி. 24-ஐயும், ஜப்பானிய ரகமான நோரின் 10-ஐயும் சேர்த்து உண்டாக்கிய நெல் அது. உரம் போட்டால் விளைச்சலில் பதில் சொல்லும்.

விதை ரெடி. ஆனால், விஷயத்தைக் கிராமம் கிராமமாக யார் போய்ச் சொல்வது? நோட்டீஸ் அடிக்கலாம். 1961 சென்சஸ்படி இந்தியாவில் நூற்றுக்கு 28 பேருக்குத்தான் எழுத்து தெரியும்! மிச்சம் 72 பேருக்கு நோட்டீஸ் என்பது பொட்டலம் மடிக்கிற காகிதம்.

அங்கேதான் வானொலி வருகிறது. திருச்சி நிலையம் 1939 மே 16-ம் தேதி ஆரம்பித்தது. அப்போதே டெல்டாவின் குரல் என்றால் அதுதான். பஞ்சாயத்து போர்டு ரேடியோவை மாலையில் போட்டதும் மரத்தடியில் ஊர் கூடிவிடும். 1966-ல் அகில இந்திய வானொலி பத்து நிலையங்களில் 'பண்ணை இல்ல ஒலிபரப்பு' என்று தனிப் பிரிவே ஆரம்பித்தது. அந்தப் பத்தில் திருச்சியும் ஒன்று. விவசாயம் தெரிந்த அதிகாரிகள், டேப் ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு வரப்பில் நடந்தார்கள். எத்தனை மூட்டை கண்டது, எந்தப் பூச்சி விழுந்தது என்று விவசாயியையே பேச வைத்தார்கள்.

ரேடியோவில் ஆபீஸர் சொன்னால், 'அவருக்கென்ன, ஃபேனுக்கடியில உக்காந்து சொல்றாரு' என்பார் நம்ம ஆள். பக்கத்து ஊர்க்காரர் தன் பாஷையில் சொன்னால்? 'அட, நம்மளப்போல ஆளுதானே, நாமளும் போட்டுப் பாப்போமே' என்பார். வேலை செய்தது இந்த மந்திரம்தான். விதையைக் கண்டுபிடித்த ஊரின் பெயர் பின்னால் போய், சேதி சொன்ன பொட்டியின் பெயர் முன்னால் வந்தது.

சரி, இவ்வளவும் சொன்னேனே, அந்தக் குரல்கள் இப்போது எங்கே?

வானொலிகளின் ஆவணக் காப்பகம் என்றால் உங்களுக்கு என்ன ஞாபகம் வருகிறது? 1947 நவம்பர் 12-ம் தேதி காந்திஜி டெல்லி வானொலி நிலையத்துக்கு நேரில் வந்து பேசினாரே, அது இருக்கிறது. நேருவின் நள்ளிரவுப் பேச்சு இருக்கிறது. பெரிய வித்வான்களின் கச்சேரிகள் இருக்கின்றன. இருக்கத்தான் வேண்டும். ஆனால் தினப்படி நிகழ்ச்சிகளுக்கு அந்தக் கொடுப்பினை அபூர்வம். டேப் விலை உயர்ந்த பொருள். ஒலிபரப்பு முடிந்ததும் அழித்து, அதன்மேலேயே அடுத்த நிகழ்ச்சியைப் பதிவது உலகம் பூராவும் இருந்த பழக்கம். லண்டன் பி.பி.சி. மட்டும் சளைத்ததா? 'டாக்டர் ஹூ' என்ற தன்னுடைய பிரபல டிவி தொடரிலேயே பல எபிசோடுகளை அழித்துவிட்டு, பிற்பாடு உலகமெல்லாம் பிரதி தேடியது.

நான் காமர்ஸ் படித்தவன். எனக்கு இது கணக்கெழுதுகிற கோளாறாகத்தான் தெரிகிறது. டேப்பைச் செலவுக் கணக்கில் எழுதினால் அது சாமான், திரும்பத் திரும்ப உபயோகிக்கலாம். அதில் இருக்கும் குரலைச் சொத்துக் கணக்கில் எழுதியிருந்தால், அழிக்கக் கை வந்திருக்குமா?

நெல்லுக்கு இந்த அநியாயம் நடக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். ஏ.டி.டி. 27-ஐ ஏ.டி.டி. 36, ஏ.டி.டி. 43 என்று தம்பிகள் வந்து வயலிலிருந்து ஓரங்கட்டிவிட்டார்கள். பரவாயில்லை, அதன் அப்பா அம்மா யார் என்பது வரை எழுதிவைத்திருக்கிறோம். பிலிப்பைன்ஸ் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தின் விதை வங்கியில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட நெல் மாதிரிகள் குளிரூட்டிய அறையில் பத்திரமாக இருக்கின்றன. நெல்லுக்கு வங்கி கட்டிய நாம், அதை விளைவித்தவனின் பேச்சுக்கு ஒரு குதிர்கூடக் கட்டவில்லையே!

இன்னொன்றும் இருக்கிறது. இருந்த ஒலிபரப்பிலும் யார் பேசினார்கள்? விதை, உரம், பூச்சி மருந்து – இதுதான் பண்ணை நிகழ்ச்சியின் வேலை. கூலி அதன் பாடத்திட்டத்தில் கிடையாது. ஆனால் அதே வருஷங்களில், அதே வயல்களில், நெல்லாக அளக்கும் கூலியில் கொஞ்சம் கூட்டிக் கொடுங்கள் என்ற கோரிக்கை பெரிய போராட்டமாக வளர்ந்துகொண்டிருந்தது. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். பெண்களும் குழந்தைகளும்தான் அதிகம். புது விதையின் விளைச்சல் பெருகிய கதையையும் அந்தக் குடிசையின் கதையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் அந்தக் காலத்து டெல்டா முழுசாகத் தெரியும். நடவு நட்ட பெண்ணிடம் மைக்கை நீட்டி, 'ரேடியோ நெல்லு வந்ததில் உனக்கு என்னம்மா லாபம்?' என்று கேட்டிருந்தால், அந்தப் பதில் இன்று எத்தனை கனமான ஆவணமாக இருந்திருக்கும்!

இதற்கு வழியே இல்லையா? இருக்கிறது. வானலைகள் பொதுச் சொத்து என்று சுப்ரீம் கோர்ட் 1995-ல் தீர்ப்புச் சொன்னது. 2006-ல், தொண்டு நிறுவனங்களும் சமுதாய வானொலி நடத்தலாம் என்று மத்திய அரசு கதவைத் திறந்தது. ராமேஸ்வரம் தீவின் பாம்பனில் 2016-ல் 'கடல் ஓசை' வந்தது. மீனவர்களுக்காகவே நடக்கும் எஃப்.எம். அது. காற்று எப்படி, கடல் எப்படி என்பதோடு, கரையோரத்து ஆட்கள் தங்கள் பேச்சிலேயே தங்கள் பாட்டைப் பாடுகிறார்கள். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி என்ற ஊரையே பறிகொடுத்த தீவு அல்லவா? ஞாபகங்களின் அருமை அவர்களுக்குத் தெரியாதா!

ஆற்றுக்கும் கடலுக்கும் நடுவே நிற்கும் நம் டெல்டாவும் ஒருவகையில் தீவுதான். அதற்கென்று தனி நெல், தனிப் பேச்சு, தனி வழக்கு. 1966-ல் 25 வயசில் பஞ்சாயத்து ரேடியோ முன்னால் உட்கார்ந்திருந்தவர், இன்று எண்பத்தைந்தை ஒட்டியிருப்பார். இன்னும் எத்தனை அறுவடை காத்திருப்பார்?

அதனால் உங்களிடம் ஒரு வேண்டுகோள். வரும் பொங்கலுக்குத் திருவையாறோ, மன்னார்குடியோ, சீர்காழியோ, சொந்த ஊருக்குப் போவீர்கள் இல்லையா? கையில் இருக்கிற செல்போனே இன்று ஒரு வானொலி நிலையம். திண்ணையில் இருக்கும் தாத்தா பக்கத்தில் உட்காருங்கள். அவர் நிலத்தில் வேலை பார்த்த அம்மாவின் வீட்டுக்கும் மறக்காமல் போங்கள். 'ரேடியோ நெல்லு போட்டீங்களா? எவ்வளவு கண்டது? கூலி எத்தனை மரக்கால்?' என்று கேளுங்கள். அவர்கள் சம்மதத்தோடு பதிவு செய்யுங்கள். பேச்சை ஆரம்பிக்கும்போதே பெயர், ஊர், தேதி மூன்றையும் சொல்ல வையுங்கள். இல்லாவிட்டால் பிற்பாடு எந்தக் குரல் யாருடையது என்றே தெரியாமல் போய்விடும். இரண்டு பிரதி எடுத்து இரண்டு இடத்தில் வையுங்கள்.

முக்கியமாக, 'மெமரி ஃபுல்' என்று போன் சொல்லும்போது அந்த ஃபைலை மட்டும் அழித்துவிடாதீர்கள். ஒருமுறை அழித்தது போதும்.