பாப்பான் கடைவீட்டு மருத்துவமனை

மருத்துவமனையை மாற்றியமைப்போர், நோயாளிகளை வேறிடத்திற்கு அனுப்பிவிட்டுச் சுவரில் கைவைப்பதே வழக்கம். அந்த வாய்ப்பே இல்லாத காலங்களும் உண்டு. 1941ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் கிந்தா பள்ளத்தாக்கிற்கு அத்தகைய காலமாக வந்து சேர்ந்தது.

ஈப்போ புரூஸ்டர் சாலை 141ஆம் எண் கட்டடத்தில் 1926 முதல் டாக்டர் ஏ. சி. கார்த்திகேசுவும் அவர்தம் துணைவியார் சிபிலும் மருத்துவமனை நடத்தி வந்தனர். டாக்டர் யாழ்ப்பாணத் தமிழ்க் குடும்பத்தவர். சிபில் 1899இல் சுமத்ராவின் மேடான் நகரில் பிறந்த யூரேசியப் பெண்மணி. செவிலியாகவும் மருத்துவச்சியாகவும் பயிற்சி பெற்றவர். கான்டனீஸ் மொழியைச் சரளமாகப் பேசுபவர். நகரின்மீது குண்டுகள் விழவே, ஜப்பானியர் ஈப்போவினுள் நுழைவதற்குச் சில நாட்கள் முன்னர், குடும்பம் பாப்பான் என்னும் ஈயச் சுரங்கச் சிற்றூருக்குப் பெயர்ந்தது. பெரிய தெருவின் 74ஆம் எண் கடைவீடு மருத்துவமனையாயிற்று.

ஒரு கடைவீடு நோயாளிகளை ஏற்கும் இடமாவது எளிதன்று. மருந்து கிட்டாத காலம் அது. செமோர் வட்டாரத் தோட்டங்கள் முதல் தென்கோடி வரை மலேரியாவுக்குக் கொய்னா மாத்திரை அரிதாயிற்று. சயாம் இரயில் பாதைக்கு அனுப்பப்பட்ட தமிழ்த் தொழிலாளர்களோ ஆயிரக்கணக்கில் மடிந்தனர். இந்நிலையில் பாப்பான் வீட்டிற்கு இருவகை நோயாளிகள் வந்தனர். ஊரார் வெளிப்படையாக வந்தனர். மலைக்காட்டிலிருந்து ஜப்பானிய எதிர்ப்புப் படையினர் குண்டுக் காயங்களுடன் மறைவாக வந்தனர். சிபில் இருசாராரையும் கவனித்தார். அவ்வீட்டிலேயே வானொலி ஒன்றை ஒளித்து வைத்துப் பிபிசி செய்தியும் கேட்டார். கண்டுபிடிக்கப்பட்டால் என்ன நேரும் என்பதை அறியாதவரல்லர்.

1943இல் கணவனும் மனைவியும் கைதாயினர். கெம்பித்தாய் படையினர் சிபிலை வதைத்தனர். அவருடைய சிறுமகளைத் தாயின் கண்முன்னே மரத்தில் தொங்கவிட்டுக் கீழே தீ மூட்டவும் துணிந்தனர். சிபில் எவரையும் காட்டிக் கொடுக்கவில்லை. பத்து காஜா சிறையிலிருந்து 1945இல் விடுதலையாகி, சிகிச்சைக்காக இங்கிலாந்து சென்றார். ஜார்ஜ் பதக்கம் அங்கே வழங்கப்பெற்றது. தாடையில் பட்ட பழைய உதையின் காயம் நஞ்சாகி, 1948 ஜூன் 12ஆம் நாள் ஸ்காட்லாந்தில் உயிர் பிரிந்தது.

சிறையில் அவர் பட்ட துன்பமே இன்றளவும் மிகுதியாகப் பேசப்படுகிறது. அதற்கு முன் நடந்த மருத்துவப் பணி அத்துணை பேசப்படுவதில்லை. இது ஒரு குறையே. வதைக்கு உள்ளாகுமுன்னரே, ஏறத்தாழ இரண்டாண்டுகள் ஒவ்வொரு நாளும் அவர் உயிரைப் பணயம் வைத்துத்தான் கதவைத் திறந்து வைத்திருந்தார். அவருடைய நினைவுக்குறிப்புகள் 1954இல் நூலாயின. அவருடைய உடல் 1949இல் ஈப்போவுக்குக் கொண்டுவரப்பட்டு, கத்தோலிக்கக் கல்லறையில் மறுபடியும் அடக்கம் செய்யப்பட்டது. ஈப்போவில் ஒரு சாலை அவர் பெயரைத் தாங்கியிருக்கிறது.