குறிப்பெடுத்தவர் யார்?

1637 நவம்பர். மாசசூசெட்ஸ் குடியேற்றத்தின் நியூடவுன் ஊரில், இன்று கேம்பிரிட்ஜ் என்று அழைக்கப்படும் அதே ஊரில், 46 வயதுப் பெண் ஒருவர் விசாரணைக்காக நிறுத்தப்பட்டார். பெயர் ஆன் ஹட்சின்சன். பதினைந்து பிள்ளைகளைப் பெற்றவர். பாஸ்டன் நகரப் பெண்களுக்குப் பிரசவம் பார்த்தவர். வீட்டில் பெண்களைக் கூட்டி ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினார். கூட்டம் அறுபது, எண்பது பேர் என்று வளர்ந்தது; ஆண்களும் வந்து உட்கார்ந்தார்கள். போதகர்களில் பெரும்பாலோர் கிருபையை விட்டுவிட்டுக் கிரியைகளைப் போதிக்கிறார்கள் என்று அவர் சொன்னதாகக் குற்றச்சாட்டு. விசாரணைக்குத் தலைமை தாங்கியவர் ஆளுநர் ஜான் வின்த்ராப். குற்றம் சாட்டியவரும் அவரே, தீர்ப்புச் சொன்னவரும் அவரே. ஹட்சின்சன் நாடு கடத்தப்பட்டார். மறு ஆண்டு மார்ச்சில் பாஸ்டன் திருச்சபையும் அவரை விலக்கியது.

அந்த விசாரணையின் கேள்வி பதில்களை இன்றைக்கும் படிக்கலாம். வேதத்தில் எங்கே தடை இருக்கிறது என்று அவர் திருப்பிக் கேட்பதும், ஆளுநர் பதில் தேடித் திணறுவதும் அப்படியே இருக்கின்றன. ஆனால் ஹட்சின்சன் தம் கைப்பட எழுதியது எதுவும் நமக்குக் கிடைக்கவில்லை. அவர் குரல் நம்மிடம் வந்து சேர்ந்ததெல்லாம் அவரைத் தண்டித்தவர்கள் இருந்த அறையில் எடுக்கப்பட்ட குறிப்புகள் வழியாகத்தான்.

அந்தக் குறிப்புகள் தப்பிய கதையைச் சொல்ல வேண்டும். நீதிமன்ற விசாரணையின் பிரதி ஒன்று அவருடைய எள்ளுப்பேரன் தாமஸ் ஹட்சின்சனிடம் இருந்தது. அவர் மாசசூசெட்ஸின் துணை ஆளுநர், வரலாறு எழுதியவர். 1765 ஆகஸ்டில், முத்திரை வரிக் கலவரத்தின்போது, கும்பல் ஒன்று அவர் வீட்டை உடைத்துச் சூறையாடியது. அவர் சேர்த்து வைத்திருந்த கையெழுத்துப் பிரதிகள் தெருவில் சிதறின. இரண்டு ஆண்டு கழித்து, 1767இல், தம் வரலாற்று நூலின் இரண்டாம் தொகுதியில் பின்னிணைப்பாக அந்த விசாரணையை அச்சிட்டார். மூலப் பிரதி இன்று இல்லை. அச்சில் ஏறியதால் மட்டுமே அது நமக்குக் கிடைத்தது. திருச்சபை நடத்திய இரண்டாவது விசாரணையின் கதையும் கிட்டத்தட்ட இதுதான். ராபர்ட் கீன் என்ற பாஸ்டன் வணிகர் குறிப்பெடுத்தார். எஸ்ரா ஸ்டைல்ஸ் என்ற போதகர் 1771இல் அதைப் பார்த்துப் பிரதி எடுத்தார். நாம் படிப்பது ஸ்டைல்ஸின் பிரதியை.

அமெரிக்க மத வரலாற்றில் பெண்களைத் தேடி நூலகம் போகிறவர் எவரும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இந்த இரு தாள்களிலேயே இருக்கிறது. இதை எழுதியவர் யார்? பிரதி எடுத்தவர் யார்? எதற்காகப் பாதுகாத்தார்? தாளில் இருக்கும் செய்தியைப் போலவே தாள் வந்த வழியும் சான்றுதான் என்பது என் உறுதியான எண்ணம்.

ஏனென்றால் அந்தச் சபைகளில் பெண்கள் சிறுபான்மையினர் அல்லர். 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்தே நியூ இங்கிலாந்துச் சபைகளில் அங்கத்தினராகச் சேர்ந்தவர்களில் பெண்களே அதிகம். காட்டன் மாதர் என்ற புகழ்பெற்ற போதகர் 1692இலேயே இதைக் கவனித்து எழுதினார். மூன்று நூற்றாண்டுகளாக இந்த நிலை பெரிதாக மாறவில்லை. வரலாற்றாசிரியர் ஆன் பிராடு 1997இல் எழுதிய கட்டுரை ஒன்றின் தலைப்பே, பெண்களின் வரலாறுதான் அமெரிக்க மத வரலாறு என்று அறிவித்தது. பிரசங்க பீடத்தில் நின்றவரை மட்டும் எழுதிவிட்டு எதிரே உட்கார்ந்திருந்தவர்களை விட்டுவிட்டால், அது ஒரு சமயத்தின் வரலாறு ஆகுமா? ஜெபக்கூட்டம் நடத்தியவர்கள், காணிக்கை திரட்டியவர்கள், பிள்ளைகளுக்கு வேதபாடம் சொல்லிக் கொடுத்தவர்கள் எல்லாரும் எதிர்வரிசையில் இருந்தவர்கள்.

அவர்கள் எழுதாமல் இருந்துவிடவில்லை. கடிதம், நாட்குறிப்பு, பெண்கள் சங்கத்தின் நடவடிக்கைக் குறிப்பேடு, வரவு செலவுக் கணக்கு, சபையில் சேரும்போது கொடுத்த விசுவாச அறிக்கை என்று ஏராளமான தாள்கள் இருக்கின்றன. சிக்கல் அவற்றைத் தேடிப் பிடிப்பதில்தான். கணவருடைய குடும்பத் தாள்கள் என்ற பெயரில் ஒரு பெட்டி இருக்கும். உள்ளே பாதிக்கு மேல் மனைவியின் கடிதங்களாக இருக்கும். அட்டவணையில் அவர் பெயரே வராது. பதிவேட்டில் இன்னாருடைய மனைவி என்று மட்டும் ஒருவர் நிற்பார். அவருடைய சொந்தப் பெயரைக் கண்டுபிடிக்க ஞானஸ்நானப் பதிவு, திருமணப் பதிவு, உயில் என்று மூன்று இடங்களுக்குப் போக வேண்டும். 1979இல் ஆண்ட்ரியா ஹிண்டிங் பதிப்பித்த வழிகாட்டி நூல் ஒன்று வந்தது. அமெரிக்கக் காப்பகங்களில் பெண்களைப் பற்றிய தாள்கள் எங்கெங்கே இருக்கின்றன என்று ஊர் ஊராகக் கேட்டுத் தொகுத்த நூல் அது. 18,000க்கு மேற்பட்ட தொகுப்புகள் அதில் இடம்பெற்றன. பெண்களைப் பற்றி எழுதச் சான்று இல்லை என்ற பேச்சுக்கு அதைவிட நல்ல பதில் எதுவும் தேவையில்லை.

இனி சாரா ஆஸ்போர்னிடம் வருவோம். இந்த வாரம் நான் முக்கியமாகச் சொல்ல விரும்புவது இவரைப் பற்றித்தான்.

1714இல் லண்டனில் பிறந்தவர். சிறுமியாகக் கடல் கடந்து வந்து, ரோட் ஐலண்டில் நியூபோர்ட் துறைமுகத்தில் வாழ்ந்தார். பதினேழு வயதில் ஒரு மாலுமியை மணந்தார். இரண்டு ஆண்டில் விதவையானார், கையில் ஒரு குழந்தை. 1742இல் ஹென்றி ஆஸ்போர்ன் என்ற தையற்காரரை மறுமணம் செய்துகொண்டார். சில மாதங்களில் அவர் தொழில் நொடித்தது. ஒரே மகன் பதினோரு வயதில் இறந்தான். வீட்டிலேயே பள்ளிக்கூடம் நடத்தி, தைத்துக் கொடுத்து, கடனோடு காலம் தள்ளினார். இத்தனைக்கும் நடுவில் விடாமல் எழுதினார்.

எவ்வளவு எழுதினார் என்பதை அவருடைய போதகர் சாமுவேல் ஹாப்கின்ஸ் சொல்லியிருக்கிறார். ஐம்பதுக்கு மேற்பட்ட கையெழுத்து ஏடுகள். மிகச் சிறியதே நூறு பக்கத்தை நெருங்கும், பெரும்பாலானவை இருநூறைத் தாண்டும். விடியும் முன் எழுந்து, வீடு விழிப்பதற்குள் எழுதியவை. அவற்றில் இன்று ஏறத்தாழப் பத்து ஏடுகள்தான் மிஞ்சியிருக்கின்றன. அவையும் ஒரே இடத்தில் இல்லை. தம் வாழ்க்கையைப் பற்றி அவர் எழுதிய நினைவேடு யேல் பல்கலைக்கழகத்தின் பைனெக்கி நூலகத்தில் இருக்கிறது. நாட்குறிப்புகள் அங்கும், நியூபோர்ட் வரலாற்றுக் கழகத்திலும், வேறு சில இடங்களிலும். கடிதங்கள் மாசசூசெட்ஸின் வூஸ்டர் நகரில், அமெரிக்கன் ஆன்டிக்வேரியன் சொசைட்டியில். ஒரே பெண்ணின் மனத்தைப் படிக்க மூன்று மாநிலங்களில் ஏறி இறங்க வேண்டும். வரலாற்றாசிரியர் கேத்தரின் பிரெக்கஸ் அந்த வேலையைச் செய்து 2013இல் சாராவின் வரலாற்றை நூலாகக் கொண்டுவந்தார்.

1766-67 குளிர்காலத்தில் சாராவின் சிறிய வீட்டில் நடந்ததுதான் அவரை வரலாற்றில் நிறுத்துகிறது. முதலில் விடுதலை பெற்ற கறுப்பர்களும் அடிமைகளும் சிலர், வேதம் படித்துக் காட்டச் சொல்லி வந்தார்கள். பிறகு இளம்பெண்கள், பையன்கள், குடும்பஸ்தர்கள். வாரத்தின் மாலைகளையெல்லாம் குழுவுக்கொரு நாளாகப் பிரிக்க வேண்டி வந்தது. ஒரு கட்டத்தில் வாரத்துக்கு 500 பேருக்கு மேல் அந்த வீட்டு வாசலில் ஏறி இறங்கினார்கள். போதகர் பட்டம் இல்லை, சம்பளம் இல்லை, வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது.

ஊரில் பேச்சு கிளம்பியது. கனெக்டிகட்டில் இருந்த நண்பர் ஜோசப் ஃபிஷ் என்ற போதகர் கவலைப்பட்டுக் கடிதம் எழுதினார். இது பெண்ணுக்குத் தகுந்த வேலையா, மாலை நேரத்தை வேறு வழியில் செலவிடக் கூடாதா என்பது அவருடைய விசாரம். 1767 பிப்ரவரி இறுதியில் தொடங்கி மார்ச் முதல் வாரம் வரை சாரா எழுதிய பதில் கிடைத்திருக்கிறது. பணிவோடுதான் தொடங்குகிறது. கறுப்பர்களுக்குப் படித்துக் காட்டும் பொறுப்பை ஏற்க ஆண்கள் யாராவது முன்வந்தால் விட்டுக்கொடுக்கிறேன் என்கிறார். கேட்டுப் பார்த்தேன், ஒருவரும் வரவில்லை என்கிறார். ஓய்வு எடுக்கச் சொல்கிறவருக்கு, இந்த மாலைகள்தாம் தமக்கு ஓய்வு என்கிறார். கடைசிவரை பணிவு குறையவில்லை, ஒரு கூட்டத்தையும் நிறுத்த அவர் ஒப்புக்கொள்ளவும் இல்லை. மேரி பெத் நார்ட்டன் 1976இல் இந்தக் கடிதத்தை ஆய்விதழ் ஒன்றில் முழுமையாக வெளியிட்டார். அமெரிக்காவில் புரட்சிக்கு முந்தைய பெண்களை அறிய விரும்புகிறவர் முதலில் படிக்க வேண்டிய தாள் எது என்று கேட்டால் இதைத்தான் நான் சொல்வேன்.

சாரா 1796இல் இறந்தார். மூன்று ஆண்டில் ஹாப்கின்ஸ் அவருடைய ஏடுகளிலிருந்து தேர்ந்தெடுத்து ஒரு நூல் வெளியிட்டார். ஐம்பது ஏடுகளை ஒரு நூலுக்குள் அடக்கியவர் எதை விட்டார், எதை வைத்தார் என்பதை மிஞ்சிய ஏடுகளோடு வரிக்கு வரி ஒப்பிட்டால்தான் தெரியும். அதே சமயம், தொலைந்துபோன ஏடுகளின் சில பகுதிகள் அவர் அச்சிட்டதால் மட்டுமே பிழைத்திருக்கின்றன. அவரைப் பழிப்பதற்கு முன் இதையும் நினைக்க வேண்டும்.

சாராவின் ஏடுகளுக்குள் இன்னொரு பெண் இருக்கிறார். அவரைச் சொல்லாமல் சாராவை மட்டும் போற்றுவது நியாயம் ஆகாது.

சாராவுக்கு ஓர் அடிமை இருந்தான். பாபி என்ற சிறுவன். அவன் தாய் ஃபில்லிஸ், சாராவோடு அதே சபையில் அங்கத்தினர். ஒரே கடவுளை ஒரே கூரையின் கீழ் தொழுதவர்கள். 1757இல் பணமுடை அழுத்த, பாபியை விற்றுவிடலாம் என்று சாரா எண்ணினார். ஃபில்லிஸ் எதிர்த்தார். அந்த எதிர்ப்பு சாராவைக் கோபப்படுத்தியது. அந்தக் கோபத்தை அவர் நாட்குறிப்பில் எழுதினார். ஃபில்லிஸின் மறுப்பு நமக்குத் தெரிவது அந்தக் கோபத்தால்தான். வின்த்ராப் முன்னால் நின்ற ஹட்சின்சனுக்கு நேர்ந்தது, சாரா முன்னால் நின்ற ஃபில்லிஸுக்கு நேர்ந்திருக்கிறது. தன் பிள்ளையை விற்க விடாத ஒரு தாயின் சொற்கள், விற்க நினைத்தவரின் கையெழுத்தில் மட்டும் பதிவாகியிருக்கின்றன. பிற்காலத்தில் சாராவும் ஹாப்கின்ஸும் அடிமை முறைக்கு எதிராக நின்றார்கள்; 1776இல் ஹாப்கின்ஸ் அதைக் கண்டித்து நூலே எழுதினார். ஆனால் அந்த மாற்றத்தைப் பற்றி ஃபில்லிஸ் என்ன நினைத்தார் என்பதை எந்தக் காப்பகத்திலும் போய்க் கேட்க முடியாது.

தம் கதையைப் பிறர் கையில் விட மறுத்த ஒரு கறுப்பினப் பெண் அடுத்த தலைமுறையில் வந்தார். ஜரீனா லீ. 1783இல் நியூ ஜெர்சியின் கேப் மேயில் பிறந்தவர். ஏழு வயதில் பெற்றோரைப் பிரிந்து வீட்டு வேலைக்குப் போனவர். ஃபிலடெல்ஃபியாவில் ரிச்சர்ட் ஆலன் நடத்திய கறுப்பின மெதடிஸ்ட் சபையில் சேர்ந்தார். பிரசங்கம் செய்ய அனுமதி கேட்டார். சபை விதிகளில் பெண் பிரசங்கிக்கு இடமில்லை என்றார் ஆலன். எட்டு ஆண்டுகள் கழிந்தன. திருமணம் ஆனது, கணவர் இறந்தார், இரண்டு குழந்தைகள். ஒரு நாள் பெத்தேல் ஆலயத்தில் போதகர் யோனாவின் கதையைப் பிரசங்கித்துக்கொண்டிருந்தபோது நடுவில் தளர்ந்துவிட, ஜரீனா எழுந்து அந்த வசனத்தைத் தாமே எடுத்துப் பேசத் தொடங்கினார். வெளியே துரத்துவார்கள் என்று எண்ணியவருக்கு, அப்போது ஆயராக இருந்த ஆலன் எழுந்து ஆதரவு தந்தார்.

அன்று தொடங்கிய நடை. ஓர் ஆண்டில் மட்டும் 2,325 மைல் பயணம், 178 பிரசங்கம். இந்தக் கணக்கு எந்தச் சபைப் பதிவேட்டிலிருந்தும் வரவில்லை, அவரே எழுதி வைத்தது. 1836இல் தம் வாழ்க்கை வரலாற்றை 38 டாலர் கொடுத்து ஆயிரம் பிரதிகள் அச்சிட்டார். கூட்டம் நடக்கும் இடங்களிலும் தெருவிலும் நின்று விற்றார். 1839இல் இன்னும் ஆயிரம். விரிவாக எழுதிய பிரதியைச் சபையின் பதிப்பகக் குழுவிடம் கொடுத்தபோது, எழுத்து புரியவில்லை என்று குழு ஒதுக்கியது. 1849இல் அதையும் தாமே வெளியிட்டார். பெண்களுக்குப் பிரசங்க உரிமம் தரும் கோரிக்கையைச் சபையின் பொது மாநாடு 1844இலும் 1848இலும் 1852இலும் தள்ளியது. அந்த மாநாடுகளின் தீர்மானங்களை மட்டும் படிக்கிறவருக்கு, அந்தச் சபையில் பெண் பிரசங்கியே இருந்ததில்லை என்றுதான் தோன்றும். கணக்கு வைத்த அந்தச் சிறு நூல் இருப்பதால் அப்படிச் சொல்ல இனி யாராலும் முடியாது. 2016இல், அதே ஃபிலடெல்ஃபியாவில் கூடிய சபையின் பொது மாநாடு, மறைந்த ஜரீனா லீக்குக் குருப்பட்டம் வழங்கியது.

அடுத்த வாரம் நமக்கு அருகில் வந்துவிடுவோம். தமிழ் - ஆங்கில அகராதியால் நாம் அறிந்த மிரோன் வின்ஸ்லோவின் மனைவி ஹாரியட், 1824இல் யாழ்ப்பாணத்து உடுவிலில் பெண்களுக்கான உறைவிடப் பள்ளி தொடங்கியவர். அவர் இறந்த இரண்டு ஆண்டில் கணவர் அவருடைய கடிதங்களையும் குறிப்புகளையும் தொகுத்து ஒரு நூல் வெளியிட்டார். அவர்கள் பணியாற்றிய மிஷனின் தாள்கள் ஹார்வர்டின் ஹூட்டன் நூலகத்தில் இருக்கின்றன. நூலையும் தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிப்போம்.

(தொடரும்)