சென்னை வானாய்வகத் தீர்க்கரேகையும் வருசநாட்டு நிலப்படங்களும்

வைகையின் தலைப்பள்ளத்தாக்கான வருசநாட்டில் பாழ்பட்ட ஊரிருக்கைகளைத் தேடும் ஆய்வாளர்க்கு ஆங்கிலேயர் கால நில அளவைப் படங்கள் இன்றியமையாச் சான்றுகள். ஆயினும் 19ஆம் நூற்றாண்டுப் படத்தின் தீர்க்கரேகையை இன்றைய செயற்கைக்கோள் படத்தின்மீது அப்படியே பொருத்தினால், ஊர்கள் ஏறத்தாழ நாலரைக் கிலோமீட்டர் கிழக்கே தள்ளி விழும். ஆற்றங்கரை ஊரை மலைச்சரிவில் காட்ட இதுவே போதும். களத்தில் அளந்தவர்கள்மீது இப்பழியைச் சுமத்துதல் தகாது.

அட்சரேகையை விண்மீன் அல்லது ஞாயிற்றின் உயரத்தைக் கொண்டு அவ்விடத்திலேயே கணிக்கலாம். தீர்க்கரேகைக்கோ இயற்கையான தொடக்கக்கோடு இல்லை. புவி ஒரு மணியில் 15 பாகை சுழல்கிறது. ஆகவே ஈரிடங்களின் உள்ளூர் நேர வேறுபாடே அவற்றின் தீர்க்கரேகை வேறுபாடாகும். 77½ பாகையை ஒட்டிய வருசநாட்டில் உச்சிப்பொழுது சென்னையைவிட 11 நிமிடம் பிந்துகிறது. 82½ பாகையை அடிப்படையாகக் கொண்ட இந்தியப் பொது நேரப்படி, அங்கு ஞாயிறு உச்சியை அடையும்போது மணி சராசரியாக 12.20.

தந்தி இல்லாக் காலத்தில் கிரீனிச்சு நேரத்தைச் சென்னையில் அறிவது எங்ஙனம்? 1792இல் நுங்கம்பாக்கத்தில் அமைந்த வானாய்வகத்தில் கோல்டிங்காம் முதலானோர் வியாழனின் துணைக்கோள்கள் மறையும் நேரங்களைக் குறித்தனர். வானமே கடிகாரம். ஆனால் துணைக்கோள் நிழலுள் மெல்ல மங்குவதால், மறையும் நொடி தொலைநோக்கிக்கும் பார்ப்பவர் கண்ணுக்கும் ஏற்ப மாறும்.

லாம்டன் 1802இல் சென்னையில் அடிக்கோடு அளந்து தொடங்கிய முக்கோண அளவீடு ஊர்களுக்கிடையேயான தொலைவை வியக்கத்தக்க நுட்பத்துடன் தந்தது. எனினும் அதன் தீர்க்கரேகைகள் யாவும் வானாய்வகத்தின் இருப்பையே சார்ந்திருந்தன. அதற்கு நெடுங்காலம் 80°17′21″ என்னும் மதிப்பே கொள்ளப்பட்டது. தந்தி வழி நேர ஒப்பீடுகளுக்குப் பின்னர், 1905இல் இந்திய நில அளவைத் துறை தன் தீர்க்கரேகைகளிலிருந்து 2′27″ குறைத்தது. நேரத்தில் இது பத்து நொடிகூட இல்லை. வருசநாட்டு மண்ணில் நாலரைக் கிலோமீட்டர்.

ஆகவே படத்தின் ஓரக்குறிப்பில் வானாய்வகத்திற்கு எம்மதிப்பு கொள்ளப்பட்டுள்ளது என்பதை முதலில் நோக்க வேண்டும். திருத்தம் முன்னரே செய்யப்பட்ட படத்தில் மீண்டும் கழித்தால் ஊர் மேற்கே நகர்ந்துவிடும். குறிப்பு சிதைந்திருப்பின், வைகையின் வளைவுகளையும் மலைமுகடுகளையும் கொண்டு படம் முழுவதையும் சேர்த்து நகர்த்துவதே தக்கது. ஒரே படத்தில் ஓர் ஊருக்கும் மற்றோர் ஊருக்கும் உள்ள இடைத்தொலைவை இப்பிழை கெடுக்கவில்லை.