நர்மதைக் கரையில் ஒரு விஞ்ஞான வகுப்பு

ஒரே மேஜையின் நீளத்தை நாற்பது சிறுவர்கள் தனித்தனியே அளந்தால் நாற்பது பேருக்கும் ஒரே விடை கிடைக்குமா? கிடைக்காது என்பது தச்சருக்கும் தையற்காரருக்கும் தெரியும். நம் நாட்டு நடுநிலைப் பள்ளிகளில் நெடுங்காலம் விஞ்ஞானம் பயின்ற பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு அது தெரிந்திருக்க வாய்ப்பில்லை. அவர்கள் அளத்தலைப் பற்றிய பாடத்தைப் படித்தார்களே அன்றி எதையும் அளந்ததில்லை.

1964 முதல் 1966 வரை பணியாற்றிய கோத்தாரி கல்விக் குழு, பள்ளிப் படிப்பின் முதற் பத்தாண்டுகளில் கணிதமும் விஞ்ஞானமும் எல்லா மாணவருக்கும் கட்டாய பாடங்களாக இருக்க வேண்டும் என்று சிபாரிசு செய்தது. சிபாரிசு நல்லதே. ஆனால் ஆய்வுக்கூடம் இல்லாத கிராமப் பள்ளியில், தாமே விஞ்ஞானம் பயின்றிராத உபாத்தியாயர் ஒருவர் அதை எவ்வாறு போதிப்பது? இவ்வினாவுக்கு விடை தேடும் முயற்சியொன்று 1972ஆம் ஆண்டில் மத்தியப் பிரதேசத்தில், நர்மதையின் தென்கரையிலுள்ள ஹோஷங்காபாத் மாவட்டத்தில் தொடங்கியது. இன்று அம்மாவட்டத்தின் பெயர் நர்மதாபுரம். ரசூலியாவிலிருந்த நண்பர்கள் கிராம மையம், கிஷோர் பாரதி ஆகிய இரு தொண்டு ஸ்தாபனங்கள் மாநில சர்க்காரின் அனுமதி பெற்று, பதினாறு நடுநிலைப் பள்ளிகளில் இதனை ஆரம்பித்தன. கிஷோர் பாரதியை நிறுவியவர்களுள் முதன்மையானவர் அனில் சத்கோபால். பம்பாயிலுள்ள டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில் வகித்த பதவியைத் துறந்து கிராமத்துக்கு வந்தவர் அவர். அந்நிலையத்தைச் சேர்ந்த விஞ்ஞானிகளும், தில்லிப் பல்கலைக்கழக ஆசிரியர் பலரும் பின்னர் இம்முயற்சியில் துணைநின்றனர்.

ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகளுக்கென அவர்கள் இயற்றிய நூலுக்குப் ‘பால வைஞானிக்’ என்று பெயர். இளம் விஞ்ஞானி என்பது அதன் பொருள். அதில் சோதனை செய்யும் முறை இருக்கும், கேள்விகளும் இருக்கும். விடைகள் மட்டும் இரா. நான்கு பிள்ளைகள் ஒரு குழுவாக அமர்ந்து, சோதனையைச் செய்து, கண்டதைத் தம் நோட்டுப் புத்தகத்தில் எழுத வேண்டும். ஆகவே அச்சிட்ட நூல் பாதி, பிள்ளை எழுதிய நோட்டு மீதிப் பாதி. இரண்டும் சேர்ந்தால்தான் பாடநூல் முழுமையடையும். கருவிகள் விலை மலிந்தவை. பூவைப் பிரித்துப் பார்க்க உலோக ஊசி எதற்கு, கருவேல முள் போதாதா என்ற எண்ணம் அங்கே பிறந்தது. சைக்கிள் டயரின் வால்வுக் குழாயும் தீக்குச்சியும் கொண்டு முக்கோணமும் கன உருவங்களும் செய்யும் முறையை, 1978இல் அங்கு வந்து சேர்ந்த பொறியியல் பட்டதாரி அரவிந்த் குப்தா வகுத்தளித்தார். முக்கோணத்தை அழுத்தினால் உருக்குலையாது, சதுரமோ சாய்ந்துவிடும். பாலங்களின் சட்டங்களில் முக்கோணங்கள் நிறைந்திருப்பதன் காரணம் அந்த நிமிஷமே பிள்ளையின் கைக்குப் புலனாகிவிடும்.

எனினும் இத்திட்டத்தின் சிறந்த பகுதி கணிதமும் விஞ்ஞானமும் கைகோத்த இடமே என்பது என் கருத்து. ஒரே நீளத்தைப் பலர் அளந்து, வந்த எண்களையெல்லாம் கரும்பலகையில் எழுதுவார்கள். எண்கள் வேறுபடும். எது சரி? உபாத்தியாயர் சொன்னதா, வகுப்பில் முதல் மாணவன் சொன்னதா? எண்களை வரிசைப்படுத்திப் பார்த்தால் பெரும்பாலானவை ஓரிடத்தில் திரள்வதும், சில விலகி நிற்பதும் தெரியும். அளவை என்றாலே சிறிது ஏற்ற இறக்கம் உண்டு, அந்த ஏற்ற இறக்கத்துக்கும் ஓர் ஒழுங்கு உண்டு என்பதைப் பதினோரு வயதுப் பிள்ளை இங்ஙனம் உணர்கிறான். நாணயத்தைச் சுண்டி, தலை எத்தனை, பூ எத்தனை என்று எண்ணும் பாடமும் அவ்வாறே. பத்து முறை சுண்டினால் ஒன்றும் விளங்காது. வகுப்பு முழுவதும் சுண்டிய கணக்கை ஒன்றாகக் கூட்டும்போதுதான் பாதிக்குப் பாதி என்பது மெல்ல உருவெடுக்கும். தனி ஒருவனுக்குப் புலப்படாத உண்மை கூட்டத்தின் கணக்கில் புலப்படுகிறது. இப்பொருளை நாம் கல்லூரியில் பயின்றோம், அதுவும் சூத்திரமாக.

வகுப்பில் தீராத ஐயங்களைப் பிள்ளைகள் ‘சவாலிராம்’ என்ற பெயருக்குக் கடிதமாக எழுதலாம்; பதில் வரும். அப்பெயருடைய மனிதர் ஒருவரும் இல்லர். அது ஒரு கற்பனைப் பெயர். ஹிந்தியில் ‘சவால்’ என்றால் கேள்வி, கணக்கும் அதுவே. தமிழில் அச்சொல் அறைகூவல் என்ற பொருளில் வழங்குகிறது. மொழிபெயர்ப்பாளன் இடறி விழக்கூடிய இடம்தான். ஆயினும் பழக்கமில்லாத வகுப்பறையில் பிள்ளை எழுப்பும் கேள்வி அறைகூவலாகவே ஒலிக்கும்.

அதனாலேயே உபாத்தியாயர்களின் பயிற்சிக்கு இத்திட்டம் மிகுந்த காலம் செலவிட்டது. கோடை விடுமுறையில் அவர்களே பிள்ளைகளைப் போல அமர்ந்து எல்லாச் சோதனைகளையும் செய்தனர். பின்னர் மாதந்தோறும் கூடி, வகுப்பில் நேர்ந்த இடர்களைப் பேசினர். பரீட்சையும் மாறியது. நூலையும் நோட்டையும் பரீட்சைக் கூடத்துக்குக் கொண்டு செல்லலாம். செய்முறைப் பரீட்சையும் உண்டு. கேள்வி மனப்பாடத்தைச் சோதிக்காதபோது புத்தகத்தை மறைப்பானேன்?

1978இல் திட்டம் மாவட்டம் முழுவதற்கும் விரிந்தது. 1982இல் ‘ஏகலவ்யா’ என்ற ஸ்தாபனம் தோன்றி அதன் பொறுப்பை ஏற்றது. இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் மத்தியப் பிரதேசத்தின் பல மாவட்டங்களில் சுமார் 1,000 பள்ளிகளில் ‘பால வைஞானிக்’ பயிலப்பட்டது. 2002 ஜூலையில் மாநில சர்க்கார் திட்டத்தை நிறுத்திற்று. மாநிலத்தின் பிற பள்ளிகளிலுள்ள பாடநூலே இங்கும் வேண்டும் என்றது. எட்டாம் வகுப்புவரை கேள்வி கேட்டுப் பழகிய பிள்ளை ஒன்பதாம் வகுப்பில் பழைய மனப்பாட முறைக்குத் திரும்ப வேண்டியிருந்தது மெய்யே; பெற்றோருக்குக் கவலை இருந்திருந்தால் அது வியப்பன்று. அதற்குப் பரிகாரம் ஒன்பதாம் வகுப்பைத் திருத்துவதாகவும் இருந்திருக்கலாம். முப்பது ஆண்டு உழைப்பை ஓர் ஆணையால் முடிப்பது அதைவிட எளிதாயிற்று.

2005இல் வெளிவந்த தேசியப் பாடத்திட்டச் சட்டகம், கல்வி மனப்பாடத்தைவிட்டு விலக வேண்டும், பள்ளிக்கு வெளியிலுள்ள வாழ்வோடு இணைய வேண்டும் என்று வற்புறுத்தியது. அதனை வகுத்த குழுவின் தலைவர் பேராசிரியர் யஷ் பால். ஹோஷங்காபாத் முயற்சிக்குத் தொடக்ககாலத்திலேயே ஆதரவளித்தவர். அதற்குள், 2002 ஜூலையில் நர்மதைக் கரைப் பள்ளிகளில் ஆறாம் வகுப்பிற் சேர்ந்த பிள்ளைகள் பொதுப் பாடநூலைப் படித்து எட்டாம் வகுப்பை முடித்து வெளியேறியிருந்தனர்.