சாய்ந்த கோபுரமும் செயலியின் வேகமும்

தெலுக் ஆன்சன் எனப் பெயர் வழங்கிய காலத்தில், 1885இல், தெலுக் இந்தானில் மணிக்கூண்டு எழுந்தது. உள்ளிருந்த நீர்த்தொட்டியின் பாரத்தை மென்னிலம் தாங்காமையால் அது சாய்ந்தது என்பர். தாங்கும் வலிமை அறியாது பாரம் ஏற்றலாகாது என்னும் இவ்வுண்மை கணிப்பொறிக்கும் பொருந்தும்.

கணிப்பொறியின் செயலி காலத்துடிப்புக்கேற்ப இயங்குவது. அத்துடிப்பை விதித்த அளவுக்குமேல் உயர்த்துவதே ஓவர்கிளாக்கிங். 1972இல் பினாங்கில் ஆலை தொடங்கிய இன்டெல் நிறுவனம், 1998இல் செலரான் 300ஏ என்னும் செயலியை வெளியிட்டது. அவற்றுட் பல மலேசியாவில் உறையிடப்பட்டவை. தாய்ப்பலகையின் 66 மெகாஹெர்ட்ஸ் துடிப்பை நாலரை மடங்காக்கி 300இல் ஓடுவது அது. ஆர்வலர் 66ஐ 100 ஆக்கினர். செயலி 450இல் ஓடிற்று. பன்மடங்கு விலையுள்ள பென்டியம் 2இன் வேகம், எளியவர் கைக்கும் எட்டிற்று.

ஆயின் வேகத்தோடு வெப்பமும் வளரும். மின்னழுத்தத்தை இரட்டித்தால் வெப்பம் ஏறத்தாழ நான்கு மடங்காகும். ஆதலின் தொடங்குவோர் முதலில் விசிறியையும் வெப்பக் களிம்பையும் செம்மை செய்க. துடிப்பைச் சிறிது சிறிதாக ஏற்றுக. ஒவ்வொரு படியிலும் நெடுநேரம் கடும்பணி கொடுத்து வெப்பநிலையை நோக்குக. உற்பத்தியாளர் விதித்த எல்லை நெருங்கினாலும், கணக்கில் பிழை தோன்றினாலும், ஒரு படி இறங்குவதே அறிவுடைமை.